மாலை நேரத்து ரோஸ்வித்தா

தோட்டச் சங்கத்தார் மூன்று பேர் அளவுகோலும் கையுமாக வேலிகளை அளந்துகொண்டு வரும் சனிக்கிழமைக் காலை அது. அவர்கள் எந்தப் பாதையில் நுழைவார்கள், யார் தோட்டத்தில் நின்று காபி குடிப்பார்கள், தன் தோட்டத்து வாசலுக்கு எப்போது வந்து சேர்வார்கள் என்பதெல்லாம் ரோஸ்வித்தா க்யூனலுக்கு அத்துப்படி. ஜெர்மனியில், லைப்சிக் நகரின் கிழக்கு ஓரத்தில், அடுக்குமாடிக்காரர்களுக்குச் சிறு தோட்டங்களைக் குத்தகைக்கு விடும் அந்தச் சங்கத்தில் அவளும் அவள் கணவன் எக்கார்டும் சேரும்போது அவளுக்கு முப்பத்தைந்து வயது. இப்போது எழுபத்து மூன்று. அந்த நேரத்தில் அவள் தோட்டத்து வாசலில் நின்று அவர்களை வரவேற்றுக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் பத்து நிமிட நடை தூரத்தில், மூன்றாவது மாடி வீட்டில், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

தூங்கவில்லை. இருட்டு விலகும் முன்பே விழித்தவள்தான். எழ வேண்டும் என்ற எண்ணம் இருந்தது. அந்த எண்ணத்துக்கும் காலுக்கும் நடுவில் இருந்த ஏதோ ஒன்று அறுந்து கிடந்தது. அலமாரிக் கதவு லேசாகத் திறந்திருந்தது. அதைச் சாத்த வேண்டும் என்று தோன்றியது. அது பெரிய மலையாகத் தெரிந்தது. இந்நேரம் வேலியை அளந்திருப்பார்கள் என்று நினைத்தாள்.

சங்கத்தின் விதிகள் எளியவை. வேலிச்செடி ஓர் அளவுக்கு மேல் வளரக் கூடாது. நிலத்தில் மூன்றில் ஒரு பங்கில் காய்கறியோ பழமோ விளைய வேண்டும். ஆண்டில் சில சனிக்கிழமைகளில் காலையில் வந்து பொதுப்பாதையைச் செப்பனிடவோ, குழாயைப் பழுதுபார்க்கவோ, சருகு அள்ளவோ வேண்டும். இவற்றைச் செய்யாதவருக்கு இரண்டு எச்சரிக்கை வரும். மூன்றாவது முறை எச்சரிக்கை கிடையாது, தோட்டம் பறிபோகும். ரோஸ்வித்தா ஏற்கெனவே ஓர் எச்சரிக்கை வாங்கியிருந்தாள்.

அந்தத் தோட்டம் போனால் அவளுக்கு மிஞ்சுவது அந்தப் படுக்கையும் அந்தச் சுவரும்தான். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

சோம்பேறி என்று யாரும் அவளைச் சொன்னதில்லை, அதுவரை. இருபத்திரண்டு வயதில் கனரகத் தொழிற்சாலையில் கிரேன் ஓட்டக் கற்றுக்கொண்டவள். வார்ப்பு எஃகைத் தூக்கிக்கொண்டு ஆட்களின் தலைக்கு மேலே போய்வந்தவள். ஒருமுறைகூட ஒருவர் மேலும் ஒரு தூசியைப் போட்டதில்லை. பெர்லின் சுவர் இடிந்து நாடு ஒன்றாகி ஓராண்டுக்குள் அந்தத் தொழிற்சாலையை மூடினார்கள். நாற்பது வயது கிரேன்காரி யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. வங்கிக் கட்டடங்களில் தரை துடைத்தாள். அப்போதும் விடியற்காலையில் எழுந்துதான் போனாள்.

எக்கார்ட் இறந்து ஆறு ஆண்டு ஆகிறது. துக்கம் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். அது வந்தது, அழவைத்தது, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. இது துக்கம் இல்லை. அவன் போன இரண்டாவது குளிர்காலத்தில், காரணம் ஏதும் சொல்லாமல், ஒரு காலையில் வந்து உட்கார்ந்துகொண்டது. கிரேன் ஓட்டிய நாளில் சில சமயம் மின்சாரம் போய்விடும். கொக்கி அந்தரத்தில் நிற்கும். ஓட்டுகிறவள் மேலே கூண்டுக்குள் அப்படியே உட்கார்ந்திருக்க வேண்டும். கீழே ஆட்கள் நடமாடுவது தெரியும். கூப்பிட்டால் கேட்காது. இப்போது தினமும் காலையில் அவளுக்கு மின்சாரம் போனது. பிற்பகல் சாயும்போது கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. மாலை ஐந்து மணிக்கெல்லாம் அவள் பழைய ரோஸ்வித்தா. தலை வாரி, தோட்டத்துக்குப் போய், தண்ணீர் ஊற்றி, பக்கத்துத் தோட்டக்காரி அன்னெக்ரெட் போலுடன் உட்கார்ந்து சிரித்துச் சிரித்துப் பேசுவாள்.

அந்த மாலைதான் அவளுக்கு எதிராகச் சாட்சி சொன்னது. ஊருக்குத் தெரிந்த ரோஸ்வித்தா மாலை ரோஸ்வித்தா மட்டுமே. காலையில் இருப்பவளை யாரும் பார்த்ததில்லை.

இரண்டாவது எச்சரிக்கையும் ஒரு மாலையில்தான் வந்தது. அன்னெக்ரெட் சாசேஜ் சுட்டுக்கொண்டிருந்தாள். தொழிற்சாலையில் மேஸ்திரி ஒருவன் கிரேன் கொக்கியில் தன் கோட்டை மாட்டி வைத்துவிட்டு, அது கூரைக்குப் போன பிறகு சாவி எங்கே என்று தேடிய கதையை ரோஸ்வித்தா சொல்லிக்கொண்டிருந்தாள். வாசலில் சங்கத் தலைவர் லோதார் வெண்டிஷ் வந்து நின்றார். டிராம் பணிமனையில் நேரக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ரோஸ்வித்தா அவரை உள்ளே வந்து ஒரு பீர் குடிக்கச் சொன்னாள்.

"உக்கார வரலை, திருமதி க்யூனல். உங்க வேலி நெஞ்சு உயரத்துக்கு வந்தாச்சு. பாத்தியில களைதான் விளையுது. பொதுவேலைக்கு ஒரு சனிக்கிழமைகூட நீங்க வரலை."

தோட்டத்துக்குள் யாரும் யாரையும் நீங்கள் என்று கூப்பிடுவதில்லை. டாக்டரானாலும் டிரைவரானாலும் நீதான், பெயர்தான். முப்பது வருஷத்துக்கு மேல் அவளை நீ என்றே கூப்பிட்ட மனிதர் அவர். கதவைச் சாத்திப் பூட்டியதுபோல் இருந்தது அவளுக்கு.

"சாயங்காலத்துல ஏதாவது வேலை குடு லோதார். எத்தனை மணி நேரம்னாலும் செய்றேன்."

"எல்லாரும் சனிக்கிழமை காலையில வராங்க. உங்களுக்கு மட்டும் தனிச் சட்டமா? சாயங்காலம் சாசேஜ் சுட முடியுது, காலையில மண்வெட்டி பிடிக்க முடியாதா?"

அன்னெக்ரெட் குறுக்கிட்டு, "ஏய்யா, வரும்போதே பணிமனைக் கடிகாரத்தை முழுங்கிட்டு வந்தியா?" என்றாள். லோதார் சிரிக்கவில்லை. எச்சரிக்கைக் கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அவர் போன பிறகு அன்னெக்ரெட்டும் கேட்டாள்: சும்மா கேட்கிறேன், ஒரு சனிக்கிழமை அலாரம் வைத்து எழுந்தால் என்ன? ரோஸ்வித்தா முழங்கை வலிக்கிறது என்று ஏதோ சொல்லி மழுப்பினாள்.

மழுப்புவது அவள் வீட்டில் பரம்பரைச் சொத்து. அவளுடைய அம்மாவுக்கு எல்ஃப்ரீடே என்று ஓர் அக்கா இருந்தாள். தையல்காரி. குளிர்காலம் வந்தால் பேச்சு நின்றுவிடும், ஊசி கையிலேயே இருக்கும். வீட்டார் நல்லதென்று நினைத்து டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். டாக்டர் எழுதிக்கொண்டார், மனநல மருத்துவமனையில் சேர்த்தார். நாஜி ஆட்சியில் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில், சன்னலுக்குச் சாயம் அடித்த பேருந்து ஒன்று வந்து, எழுதப்பட்ட பெயர்களை எல்லாம் மருத்துவமனையிலிருந்து ஏற்றிக்கொண்டு போயிற்று. சில வாரம் கழித்துச் சாம்பல் வந்தது. நிமோனியா என்றார்கள். அந்தப் பேருந்தை அனுப்பியவர்கள் யாரும் பைத்தியக்காரர்கள் இல்லை. பட்டம் பெற்ற மருத்துவர்கள், மாதச் சம்பளம் வாங்கிய எழுத்தர்கள், ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கேக் சாப்பிட்டவர்கள். அவர்களில் பலர் போருக்குப் பிறகும் அதே வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு நாடி பிடித்தார்கள். எல்ஃப்ரீடே பற்றி மட்டும் வீட்டில் பேச்சு எழுந்ததில்லை. கொன்றவனுக்கு இல்லாத வெட்கம் செத்தவளின் வீட்டாருக்கு இருந்தது.

ரோஸ்வித்தாவின் அம்மா மகளுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: "வயித்து வலின்னு சொல்லு, தலைவலின்னு சொல்லு. மனசு சரியில்லன்னு மட்டும் எந்த டாக்டர்கிட்டயும் சொல்லாத. எழுதிருவாங்க."

இப்போது அப்படி எந்தப் பேருந்தும் வராது என்பது ரோஸ்வித்தாவுக்குத் தெரியும். செய்தித்தாள் படிக்கிறவள். அறிவுக்குத் தெரிந்தது தொண்டைக்குத் தெரியவில்லை. ஒரே ஒருமுறை, போன வருஷம், டாக்டரிடம் பாதி சொன்னாள். காலையில் எழக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது என்று. காலையில் போக முடியாது என்பதால் மாலை நேரத்தில்தான் போயிருந்தாள். டாக்டர் நல்ல பெண்மணி, எதிரே இருந்தவளோ கன்னம் சிவந்து கலகலவென்று பேசிக்கொண்டிருந்தாள். இந்த வயதில், கணவரும் போன பிறகு, கொஞ்சம் சோகம் இருப்பது சகஜம்தான் என்றார் டாக்டர். நடக்கச் சொன்னார், பாட்டுக் குழு எதிலாவது சேரச் சொன்னார்.

எழுபது வயதில் கண்ணில் புரை விழுந்தால் வயதாகிவிட்டது, குருடாக இரு என்று யாரும் சொல்வதில்லை. அறுவை செய்து பார்வையைத் திருப்பித் தருகிறார்கள். மனதில் விழுந்தால் மட்டும் அது வயதின் இயல்பாகிவிடுகிறது. கிழவிக்கு மகிழ்ச்சி எதற்கு என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, அப்படித்தான் நடந்துகொள்கிறார்கள்.

கோடை முடிவதற்குள் நிர்வாகக் குழு கூடி அவள் தோட்டத்தைப் பற்றித் தீர்மானம் போடும் என்று தெரிந்தது. ரோஸ்வித்தா மாலைகளில் வெறிகொண்டவள்போல் வேலை செய்தாள். களை பிடுங்கினாள், உருளைக்கிழங்கும் வெங்காயமும் போட்டாள், இருட்டும்வரை வேலியை வெட்டினாள். வேலி சரியாயிற்று, பாத்தியும் சரியாயிற்று. சனிக்கிழமைக் காலைகள் மட்டும் அப்படியே இருந்தன. அவற்றை மாலையில் வெட்டிச் சீராக்க வழியில்லை.

ஒரு சனிக்கிழமை அன்னெக்ரெட் அவளை இழுத்துக்கொண்டே போய்விடுவது என்று முடிவு கட்டி வீட்டுக்கு வந்தாள். மணி அடித்தது. நின்றது. மறுபடியும் அடித்தது. ரோஸ்வித்தா கட்டிலிலிருந்து கதவுவரை சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து திறந்தாள். அன்னெக்ரெட்டின் முகத்தைப் பார்த்துத்தான் தான் எப்படி இருக்கிறோம் என்று அவளுக்கே தெரிந்தது.

"என்னடி ரோஸி இது? காய்ச்சலா?"

தலையசைத்தாள், இல்லை என்று.

"ராத்திரி குடிச்சியா?"

அதற்கும் இல்லை. பேச வேண்டும், நாக்கு வாய்க்குள் எங்கோ வெகுதூரத்தில் கிடந்தது. அன்னெக்ரெட் அவளை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, தான் செருப்பு அலமாரி மேலேயே உட்கார்ந்தாள்.

"எவ்வளவு நாளா இப்படி?"

"நாலு வருஷம்."

"தினமுமா?"

"காலையில."

டாக்டரிடம் போனாயா என்று கேட்டாள் அன்னெக்ரெட். போனேன், சாயங்காலம் போனேன் என்றாள் ரோஸ்வித்தா.

"சாயங்காலம் போனா? உன்னைப் பாத்து அந்தம்மாவுக்கே நோய் தீர்ந்திருக்கும்."

ரோஸ்வித்தாவின் உதடு ஒரு பக்கம் கொஞ்சம் இழுபட்டது. அது சிரிப்புதானா என்று அவளுக்கே சந்தேகம்.

அடுத்த வாரம் காலை நேரமாகக் கேட்டு வாங்கினாள் அன்னெக்ரெட். அவளே வந்து சட்டை மாட்டிவிட்டாள், ஷூ நாடாவைக் கட்டிவிட்டாள். கட்டும்போது வாய்க்கு வந்த கெட்ட வார்த்தைகளால் உலகத்து மருத்துவமனைகள் எல்லாவற்றையும் திட்டினாள். டிராமிலும் அது நிற்கவில்லை, எதிரே உட்கார்ந்திருந்தவன் எழுந்து வேறு இடத்துக்குப் போனான். ரோஸ்வித்தாவுக்கு எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பதுபோல் இருந்தது.

டாக்டர் கேட்ட கேள்விக்குப் பதில் வர நேரமாயிற்று. டாக்டர் காத்திருந்தார். இரண்டாவது கேள்விக்கும் காத்திருந்தார். பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளை நேராகப் பார்த்தார்.

"திருமதி க்யூனல், செத்துப்போகணும்னு தோணுதா?"

"சாக வேணாம். காலைன்னு ஒண்ணு வராம இருந்தா போதும்."

இது நோய் என்று டாக்டர் சொன்னார். வயது இல்லை, குணமும் இல்லை, நோய். காலையில் அமுக்கி மாலையில் விடுவது இதன் பழைய பழக்கம். போன முறை கேட்டிருக்க வேண்டிய கேள்விகளைத் தான் கேட்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். ரத்தம் எடுத்துத் தைராய்டும் பார்க்க வேண்டும். மாத்திரை உண்டு, பலன் தெரியச் சில வாரம் ஆகும், முதல் மாத்திரையே ஒத்துவரும் என்று உறுதி சொல்ல முடியாது. பேசிக் குணப்படுத்துகிறவர்களிடம் இடம் கிடைக்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சாக வேண்டும் என்ற எண்ணம் எப்போதாவது வந்தால் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே கூப்பிட வேண்டும். இனிப்புத் தடவாமல் சொன்னார். அதுவே ரோஸ்வித்தாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

சங்கத்தின் விதியில் நோயாளிக்குப் பொதுவேலையிலிருந்து விலக்கு உண்டு என்று அன்னெக்ரெட் நினைவுபடுத்தினாள். என்ன நோய் என்று சொல்லிச் சான்று தர வேண்டும். டாக்டர் சான்று தரத் தயாராக இருந்தார். அவர் பேனாவை எடுத்ததும் ரோஸ்வித்தா தலையாட்டி மறுத்தாள்.

"எழுதாதீங்க."

"என் கோப்புல நான் எழுதித்தான் ஆகணும். சங்கத்துக்குக் கொடுக்கறதும் கொடுக்காததும் உங்க இஷ்டம். நீங்க சொல்லாம இங்கேர்ந்து ஒரு எழுத்து வெளியே போகாது."

மாத்திரைச் சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டு, சான்று வாங்காமலேயே வீடு திரும்பினாள். வீட்டு வாசலில் அன்னெக்ரெட், "நீ எதுக்கு இப்படிப் பயப்படறேன்னு எனக்குத் தெரியாது. தோட்டம் வேணுமா வேணாமா, அதை மட்டும் சொல்லு" என்றாள். ரோஸ்வித்தா அவளுக்கு எல்ஃப்ரீடேயைப் பற்றிச் சொன்னது அந்த மாலைதான். வெளியாள் ஒருத்தியிடம் அந்தப் பெயரைச் சொன்னது அதுதான் முதல்முறை.

நிர்வாகக் குழு மாலையில் கூடியது. சங்கத்து மண்டபத்தில் உருளைக்கிழங்கு சாலட் வாசனை. ரோஸ்வித்தா தலை வாரி, சிவப்பு மேல்சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தாள். உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்தவர் ஏதோ கேலி செய்ய, பதிலுக்கு அவளும் ஒன்று சொல்லி மேஜையே சிரித்தது. சிரித்து முடித்த பிறகுதான் தான் என்ன செய்துவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது.

லோதார் நியாயத்தோடுதான் பேசினார். தோட்டம் கேட்டு இளம் குடும்பங்கள் வரிசையில் காத்திருக்கின்றன, குழந்தைகள் அடுக்குமாடிக்குள் அடைந்து கிடக்கின்றன. விதி எல்லோருக்கும் ஒன்றாக இல்லாவிட்டால் அது விதியே இல்லை. அதை மறுத்துச் சொல்ல ரோஸ்வித்தாவிடம் எதுவும் இல்லை. காலையில் தனக்கு முடிவதில்லை என்று மட்டும் சொன்னாள். எனக்கும்தான் காலையில் எழப் பிடிக்காது என்றார் ஒருவர். மறுபடியும் சிரிப்பு.

"இப்ப உங்களைப் பாத்தா அப்படித் தெரியலையே" என்றார் லோதார்.

"நான் காலையில பாத்தேன்" என்றாள் அன்னெக்ரெட், பார்வையாளர் வரிசையிலிருந்து. "நீ பாத்திருந்தா இப்படிப் பேச மாட்ட. நானும் இங்க இருக்கறவங்களோட சேர்ந்து அவளைச் சோம்பேறின்னு சொன்னவதான்."

எல்லோரும் ரோஸ்வித்தாவைப் பார்த்தார்கள். தப்பிக்க இரண்டே வாசல். ஒன்றில் தோட்டம் போகும். மற்றதில் அம்மா சொல்லிக்கொடுத்தது போகும். அவள் எழுந்து நின்றாள். தனக்கு ஒரு நோய் என்றாள். நான்கு வருஷமாக இருக்கிறது, மருந்து சாப்பிடத் தொடங்கியிருக்கிறேன், எப்போது தீரும் என்று தெரியாது. காலையில் இருப்பவள் வேறு, இங்கே நிற்பவள் வேறு, இரண்டு பேரும் நான்தான். மண்டபத்தில் யாரும் முள்கரண்டியை எடுக்கவில்லை.

செயலாளர் யானா முப்பது வயதுப் பெண். கணினியில் தட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். முகத்தில் இரக்கம். "உடல்நலக் குறைவுன்னு போட்டுடறேன். அது போதும், இல்லையா?"

நல்ல மனதோடு நீட்டிய திரைதான். அதன் பின்னால் போய் ஒளிந்துகொள்ள ரோஸ்வித்தாவுக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்பதை அங்கே யாரும் அறிய மாட்டார்கள்.

"போன வருஷம் ஹார்ட்முட்டுக்கு முழங்கால் போச்சு. என்னன்னு எழுதினே?"

"முழங்கால்னு."

"எனக்கு மனச்சோர்வு நோய். அப்படியே எழுது. நாளைக்கே டாக்டர்கிட்ட சான்று வாங்கித் தரேன்."

யானா தட்டினாள். அந்தச் சத்தம் ரோஸ்வித்தாவின் முதுகுத்தண்டில் கேட்டது. அவள் உட்காரவில்லை. வாக்கெடுப்பில் ஒரே ஒரு கை கூடுதலாக எழுந்தது: இந்த ஆண்டு விலக்கு, அடுத்த ஆண்டு மறுபடியும் பார்ப்பது. லோதார் கை தூக்கவில்லை. சான்று ஒரு வாரத்துக்குள் வர வேண்டும், திருமதி க்யூனல், என்று மட்டும் சொன்னார். வெளியே வரும்போது ஓர் அம்மாள் ரோஸ்வித்தாவின் தோளைத் தொட்டு, குழந்தையிடம் பேசுவதுபோல் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, நலமா என்று கேட்டாள். இனிமேல் இப்படித்தான் கேட்பார்கள் என்று ரோஸ்வித்தாவுக்குப் புரிந்தது. அதற்கும் பழக வேண்டும்.

மறுநாள் காலை விடிந்தபோது எதுவும் மாறியிருக்கவில்லை. அதே சுவர். திறந்தபடி அதே அலமாரிக் கதவு. வெளியே யாரோ நாயைக் கூப்பிட்டார்கள். வெகுநேரம் கழித்துத் தொலைபேசி அடித்தது. தலையணைக்குப் பக்கத்திலேயே வைத்திருந்ததால் கை எட்டியது.

"எழுந்தியாடி?" என்றாள் அன்னெக்ரெட்.

எழுந்துவிட்டேன், காபி போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று எத்தனையோ காலைகளில் எத்தனையோ பேரிடம் சொன்ன பொய் தானாக நாக்கு நுனிக்கு வந்தது.

"இல்லை" என்றாள் ரோஸ்வித்தா.

"சரி. படுத்துக்கோ. சான்று வாங்க சாயங்காலம் போகலாம்."